உயரக் கட்டடத்தின் முகப்பு: அழகா என்று கேட்பதற்கு முன்னால்

கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கம் துபாய்க்கோ அபுதாபிக்கோ கோலாலம்பூருக்கோ ஆள் போகாத தெரு குறைவு. அங்கிருந்து வரும் படங்களில் பாதிக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கோபுரம் நிற்கும். "கட்டடம்னா இப்படி இருக்கணும்" என்பார் ஒருவர். "எல்லாம் ஒரே கண்ணாடிப் பெட்டி, எந்த ஊருன்னே தெரியல" என்பார் இன்னொருவர். இரண்டுமே முகப்பைப் பற்றிய தீர்ப்புதான். அந்த முகப்பு எதனால் ஆனது, என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால் தீர்ப்பைக் கொஞ்சம் உறுதியாகச் சொல்லலாம்.

இதைத் தெரிந்துகொள்ள நம் கடற்கரைக்குத் தனிக் காரணமும் உண்டு. ராமேசுவரத்தின் விடுதிகளும் ராமநாதபுரத்தின் துணிக்கடைகளும் மூன்று மாடி எழுப்பினாலும் முன்பக்கத்துக்கு முப்பது மாடியின் உடையைத்தான் போட்டுக்கொள்கின்றன: நீலக் கண்ணாடி, ஏ.சி.பி. ஷீட் (இரு பக்கமும் அலுமினியத் தகடு ஒட்டிய பலகை), பளபளக்கும் ஸ்டீல் பட்டை. முகப்பு என்பது வேலை செய்கிற உறுப்பு. எந்த ஊர் வெயிலுக்கும் காற்றுக்கும் கணக்குப் போட்டுச் செய்தார்களோ, அந்த ஊரில்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். வடிவத்தை மட்டும் எடுத்துவந்து கணக்கை அங்கேயே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி.

தாங்காத சுவர்

நம் வீட்டுச் சுவர் மேல்தளத்தைத் தாங்குகிறது. உயரக் கட்டடத்தில் அந்த வேலையைத் தூண்களும் உத்தரங்களும் நடுவிலுள்ள லிஃப்ட் சுவர்களும் பார்த்துக்கொள்கின்றன. வெளிச்சுவர் எதையும் தாங்குவதில்லை. ஒவ்வொரு தளத்தின் விளிம்பிலும் பிடித்துக்கொண்டு திரைச்சீலை மாதிரி தொங்குகிறது. கர்ட்டன் வால் என்ற பெயர் அதனால்தான்.

இதன் உறுப்புகள் அதிகமில்லை. தளத்தின் விளிம்பில் ஒரு பிராக்கெட். அதில் மாட்டிய நெட்டுச் சட்டம், பெரும்பாலும் உள்ளே வெற்றிடமுள்ள அலுமினியம். அவற்றுக்கு இடையே குறுக்குச் சட்டம். அந்தக் கட்டங்களில் கண்ணாடி. விளிம்பில் ரப்பர் பீடிங், வெளி இடுக்கில் சிலிகான். வெளியிலிருந்து தரை முதல் கூரை வரை ஒரே கண்ணாடியாகத் தெரிந்தாலும் மாடிக்கு மாடி ஒரு பட்டைக்குப் பின்னால் சன்னலே இருக்காது. தளத்தின் கனமும் உத்தரமும் பால்ஸ் சீலிங்கும் அங்கே ஒளிந்திருக்கும். அதை மறைக்கத்தான் உள்புறம் சாயம் ஏற்றிய கண்ணாடி போடுகிறார்கள்.

நெட்டுச் சட்டத்தில் நடக்கும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். அலுமினியம் வெயிலில் நீளும். 12 அடிச் சட்டம், விடியற்காலைக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையில் 40 டிகிரி சூடு ஏறினால், சுமார் 3 மி.மீ. நீளும். பத்து மாடிக்கு அதைக் கூட்டினால் 3 சென்டிமீட்டருக்கு மேல். அதனால்தான் மாடிக்கு ஒரு இடத்தில் சட்டத்தை வெட்டி, உள்ளே ஒரு சிறு குழாயைச் செருகி, 10 முதல் 15 மி.மீ. இடைவெளி விடுவார்கள். பிராக்கெட்டின் போல்ட் துளையும் வட்டமாக இல்லாமல் நீள்துளையாக இருக்கும். சட்டம் வெட்டி மாட்டும் அவசரக்கார பேப்ரிகேட்டர் இடைவெளி அசிங்கமாக இருக்கிறதென்று இரண்டு சட்டத்தையும் ஒட்டி வைத்து சிலிகான் அடித்துவிடுவார். பிறகு சாயங்காலம் சுவர் குளிரும்போது டக் டக்கென்று சத்தம் வரும். சத்தத்தோடு நின்றால் நல்லது, நின்றதில்லை. சட்டம் வளையும், பீடிங் பிதுங்கும், அந்த வழியாக ஐப்பசி மழை உள்ளே வரும்.

நம் வெயிலின் கணக்கு

முகப்பின் முதல் வேலை வெயிலைச் சமாளிப்பது. 6 மி.மீ. சாதாரணக் கண்ணாடி, தன் மேல் விழும் வெயிலின் சூட்டில் ஏறக்குறைய எண்பது சதவீதத்தை உள்ளே விட்டுவிடும். மேற்குப் பார்த்த சுவரில் பிற்பகல் நான்கு மணிக்கு ஒரு சதுர மீட்டரில் சுமார் 600 வாட் விழுகிறது என்று வையுங்கள். 10 சதுர மீட்டர் கண்ணாடி, அதாவது ஒரு சின்னக் கடையின் முன்பக்கம், உள்ளே விடுவது 4.8 கிலோவாட். ஒரு டன் ஏ.சி. எடுத்து வெளியே தள்ளுவது 3.5 கிலோவாட். ஆட்களும் விளக்கும் வருமுன்பே ஒன்றரை டன் ஏ.சி.க்குக் கிட்டத்தட்ட முழு வேலை வந்துவிட்டது. பூச்சுள்ள நல்ல கண்ணாடி கால் பங்கு சூட்டைத்தான் விடும். அப்போது அரை டன் போதும்.

கண்ணாடி வாங்கும்போது நிறத்தைக் கேட்காமல் இரண்டு எண்களைக் கேளுங்கள். எஸ்.எச்.ஜி.சி. என்பது சூட்டில் எவ்வளவு உள்ளே வரும் என்பது. வி.எல்.டி. என்பது வெளிச்சத்தில் எவ்வளவு வரும் என்பது. முதல் எண் குறைவாகவும் இரண்டாவது ஓரளவு அதிகமாகவும் இருப்பது நல்ல கண்ணாடி. கறுப்பு டின்ட் போட்ட சாதாரணக் கண்ணாடியில் வெளிச்சம் போய்விடும், சூடு முழுதாகப் போகாது. கண்ணாடியே சூடேறி அறைக்குள் அனல் அடிக்கும். பகலிலும் டியூப்லைட் எரியும் அலுவலகங்கள் இப்படித்தான் உருவாகின்றன.

கண்ணாடியைவிட மலிவு நிழல். இதற்குச் சூரியன் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். ராமேசுவரம் ஏறக்குறைய 9.3 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை முதல் நாளை ஒட்டி உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் வரும். அங்கிருந்து ஆகஸ்ட் கடைசி வரை மதியச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். வடக்குச் சுவரில் வெயிலே படாது என்று தில்லிக்கோ ஐரோப்பாவுக்கோ எழுதிய பாடம் இங்கே பாதி வருடம் பொய். நல்லவேளையாக மதியச் சூரியன் வடக்கே அதிகம் சாய்வதில்லை. 4 அடி உயரச் சன்னலுக்கு 1 அடி சன்ஷேட் இருந்தால் ஜூன் மாத மதியத்துக்கும் போதும். தெற்கே கணக்கு வேறு. டிசம்பரில் சூரியன் 33 டிகிரி தெற்கே சாயும். அதே 4 அடிச் சன்னலுக்கு இரண்டரை அடிக்கும் சற்று மேலே சன்ஷேட் வேண்டும். நான்கு பக்கமும் ஒரே ஒன்றரை அடி சன்ஷேட் என்று வரைபடத்தில் பார்த்தால், வரைந்தவர் சூரியனைப் பார்க்கவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

கிழக்கும் மேற்கும்தான் சிக்கல். காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் வெயில் சாய்வாக, சன்ஷேட்டின் அடிவழியாக நுழையும். அங்கே நெட்டாக நிற்கும் பட்டைகளோ துளைச்சுவரோ வேண்டும். இல்லையென்றால் அந்தப் பக்கத்தில் சன்னலைக் குறைத்து, மாடிப்படி, கழிப்பறை, ஸ்டோர் ரூம் ஆகியவற்றை வைத்துவிடலாம். கடலைப் பார்க்க வேண்டும் என்று மேற்கே முழுக் கண்ணாடி வைக்கும் விடுதிகள், மாலை முழுவதும் அதே கண்ணாடிக்குத் திரை போட்டு மூடிவைத்திருப்பதைப் பார்க்கலாம்.

வெளியூர்களில் இதை நன்றாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். 1998இல் முடிந்த கோலாலம்பூர் பெட்ரோனாஸ் கோபுரங்கள் 452 மீட்டர். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து ஊர் என்பதால் சன்னல் வரிசை தோறும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நிழல் பட்டைகளை வெளியே நீட்டியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து அலங்காரமாகத் தெரியும் கோடுகள் அந்தப் பட்டைகள்தான். அபுதாபியின் அல் பஹர் கோபுரங்களில் (2012) கண்ணாடிக்கு வெளியே முக்கோண மடிப்புத் திரைகள் நிற்கின்றன. வெயில் படும் பக்கத்தில் விரியும், வெயில் நகர்ந்ததும் சுருங்கும். பழைய அரபு வீடுகளின் மரச் சல்லடைச் சன்னலை மோட்டார் வைத்துச் செய்திருக்கிறார்கள். அழகு, புத்திசாலித்தனம் இரண்டுமே உண்டு. ஆனால் பாம்பன் உப்புக்காற்றில் ஆயிரம் மோட்டாருக்கு யார் கிரீஸ் வைப்பது? நமக்கு அசையாத பட்டையே மேல்.

தவறினால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனில் 20 ஃபென்சர்ச் தெருவிலுள்ள கட்டடம் சாட்சி. அதன் தெற்கு முகம் உள்வாங்கி வளைந்த கண்ணாடி. 2013இல் அந்த வளைவு வெயிலைக் குவித்துத் தெருவில் நின்ற காரின் பாகங்களை உருக்கிவிட்டது. அடுத்த வருடம் முகம் முழுக்க நிழல் பட்டை மாட்டினார்கள். லண்டன் வெயிலுக்கே அந்த நிலை. உள்வளைவுக் கண்ணாடி முகப்பை இங்கே யாராவது வரைந்து காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

காற்று தள்ளுவதைவிட இழுப்பது அதிகம்

காற்றழுத்தத்துக்கு எளிய கணக்கு இருக்கிறது: வேகத்தை விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 0.6ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று வரும்; அதைப் பத்தால் வகுத்தால் ஏறக்குறைய கிலோ. மணிக்கு 80 கி.மீ. காற்றில் சதுர மீட்டருக்குச் சுமார் 30 கிலோ. 160 கி.மீ. காற்றில் 60 அல்ல, 120 கிலோ. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. 5 அடிக்கு 8 அடிக் கண்ணாடி ஒன்றின் மேல் அப்போது 450 கிலோ உட்காரும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த கடற்கரை இது; இந்தக் கணக்கைத் தள்ளிவைக்க நமக்கு உரிமை இல்லை.

பலருக்கும் தெரியாத விஷயம், கண்ணாடி பெரும்பாலும் உள்ளே உடைந்து விழுவதைவிட வெளியே பிடுங்கப்படுவதுதான். காற்று மூலையைத் திரும்பும் இடத்திலும் மொட்டைமாடி விளிம்பிலும் உறிஞ்சும் விசை நடுச்சுவரைவிட அதிகம். ஆகவே மூலையிலும் உச்சியிலும் பிராக்கெட், ஸ்க்ரூ, கண்ணாடிக் கனம் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். நாம் பார்க்கும் கடைகளில் நேர்மாறாக, ஏ.சி.பி. ஷீட் மொட்டைமாடிக்கு மேலே நான்கடி வெறும் சட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். வாடைக்காற்று வந்ததும் முதலில் கிழிவது அந்த நான்கடிதான்.

உயரம் கூடினால் வடிவமே மாற வேண்டும். தட்டைச் சுவரைவிட வட்டத்தில் காற்றின் தள்ளல் ஏறக்குறைய பாதி. ராமேசுவரம் தொலைக்காட்சிக் கோபுரம் 323 மீட்டர். அடியில் அகன்று மேலே குறுகும் வட்டக் கான்கிரீட். சன்னலும் இல்லை, கண்ணாடியும் இல்லை, ஆனால் இந்தக் கரையில் காற்றுக்குச் சரியான பதில் சொல்லும் உயரமான முகப்பு அது ஒன்றுதான். துபாயின் புர்ஜ் கலீஃபா (828 மீட்டர், 2010) மேலே போகப் போகப் படிப்படியாக உள்வாங்குவதும் காற்றுக்காகத்தான்: ஒவ்வொரு உயரத்திலும் வடிவம் மாறுவதால் கட்டடத்தைச் சுற்றி எழும் காற்றுச் சுழல்கள் ஒரே தாளத்தில் சேர்ந்து கட்டடத்தை ஆட்ட முடிவதில்லை. தைபே 101இல் மூலைகளை வெட்டிப் பல்போல் விட்டிருப்பதும் அதே காரணத்துக்கு.

உப்பு

மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தாலும் இந்தக் கரையில் முகப்பைத் தின்பது உப்பு. ராமேசுவரம் தீவில் வடகடலும் பக்கம், தென்கடலும் பக்கம். காற்று எந்தத் திசையில் அடித்தாலும் உப்பைக் கொண்டுவரும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோகம் அரிப்பதைச் சோதிக்க மண்டபத்தில் நிலையம் வைத்தது சும்மா அல்ல. 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்துக்குப் பெயின்ட் அடிப்பது முடிவில்லாத வேலையாக இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் கொண்டுவந்ததற்குக் காரணம் இந்தக் காற்றுதான்.

முகப்பில் உப்பு எங்கே நுழைகிறது? பார்வைக்குப் படும் பெரிய பரப்பில் அல்ல. ஸ்க்ரூவைச் சுற்றி, வெட்டிய முனையில், இரண்டு உலோகம் தொடும் இடத்தில். அலுமினியச் சட்டத்தை இரும்பு பிராக்கெட்டில் நேரடியாக வைத்து, நடுவில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும். வெள்ளைப் பொடி பூக்கும். நடுவில் நியோப்ரீன் அல்லது நைலான் தகடு ஒன்று போதும், விலையும் சொற்பம். ஆனால் மாட்டும்போது யாராவது நின்று பார்த்தால்தான் போடுவார்கள். அலுமினியம் ஈரச் சிமென்ட்டைத் தொட்டாலும் அரிக்கும், அங்கும் இதே தகடு.

ஸ்க்ரூ எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 316 ரகமாக இருக்க வேண்டும். 304 ரகம் கடலுக்குத் தள்ளியிருக்கும் ஊருக்குப் போதும், கடற்கரையில் சில மழைக்குள் பழுப்புக் கறை விடும். 316இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது. உப்பை எதிர்ப்பது அதுதான். இரண்டுக்கும் கண்ணால் வித்தியாசம் தெரியாது, காந்தமும் காட்டிக்கொடுக்காது. ஆலைச் சான்றிதழைக் கேளுங்கள், அல்லது மாலிப்டினம் இருந்தால் நிறம் மாறும் சொட்டு மருந்தை வாங்கி ஒரு ஸ்க்ரூவில் விட்டுப் பாருங்கள். துத்தநாகம் பூசிய மஞ்சள் ஸ்க்ரூவை உள்ளே அனுமதிக்கவே வேண்டாம். அலுமினியத்துக்கு அனோடைசிங் (மின்சாரம் செலுத்தி உண்டாக்கும் காப்புப் படலம்) என்றால் 25 மைக்ரான், பவுடர் கோட்டிங் என்றால் 60 மைக்ரானுக்குக் குறையாமல். வெட்டிய முனையில் பூச்சு கிடையாது என்பதை மறக்கக்கூடாது. அங்கே சீலர் தடவாமல் விட்டால், ஒன்றிரண்டு வருடத்தில் முனையிலிருந்து பெயின்ட் வளைந்து வளைந்து எழும்பும்.

உள்ளே இருப்பது தெரியாமல் வெளியே பளபளப்பதற்கு நியூயார்க்கின் லீவர் ஹவுஸ் நல்ல பாடம். 1952இல் திறந்த அந்தக் கட்டடம் உலகம் முழுதும் கண்ணாடி முகப்பைப் பரப்பியவற்றில் ஒன்று. வெளியே ஸ்டெயின்லெஸ் பட்டை. உள்ளே சாதா இரும்புச் சட்டம். பட்டைக்குப் பின்னால் தண்ணீர் இறங்கி இரும்பு துருப்பிடித்து உப்பியது, கண்ணாடிகள் விரிசல் விட்டன. 1990களின் நடுவில் மூலக் கண்ணாடியில் ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் மிஞ்சியிருந்தது. முகப்பு முழுவதையும் அலுமினியச் சட்டத்தில் புதிதாக மாட்டினார்கள். நம் ஊரில் "எஸ்.எஸ். டிசைன்" என்று விற்கப்படும் பல முகப்புகளின் உள்ளே இருப்பதும் அதே சாதா இரும்பு டியூப்தான்.

கான்கிரீட் முகப்பு என்றால் உப்பு தப்பிக்குமா? கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456இன்படி கடற்கரைக் காற்றுக்குக் கம்பியின் மேல் 45 மி.மீ. கான்கிரீட்டும் எம் 30 கலவையும் வேண்டும். கடல்நீர்த் துளி நேரே தெறிக்கும் இடத்தில் 50 மி.மீ., எம் 35. இப்போது சன்ஷேட்டைப் பாருங்கள். வழக்கமான கனம் 3 அங்குலம், அதாவது 75 மி.மீ. கம்பி மேற்பக்கம் இருந்தால்தான் நீட்டிய பலகை தொங்காமல் நிற்கும். 45 மி.மீ. மூடினால் கம்பி கீழே இறங்கிப் பலம் போகிறது. பலத்துக்காக 20 மி.மீ. விட்டால் உப்பு தொடுகிறது. கான்கிரீட் போடும்போது ஆள் மிதித்துக் கம்பியை இன்னும் கீழே இறக்குவது தனிக் கதை. இந்தக் கரையில் சன்ஷேட் முதலில் செதில் செதிலாகக் கொட்டுவதன் காரணம் இவ்வளவுதான். சுவரோடு சேரும் இடத்தில் 5 அங்குலம், நுனியில் 4 என்று போட்டு, மேல் கம்பிக்கு அடியில் அதைத் தாங்க நாற்காலிபோல் வளைத்த கம்பி வைத்து, கம்பிக்கும் பலகைக்கும் இடைவெளி காக்கும் கவர் பிளாக்கை எண்ணிப் பார்த்துக் கான்கிரீட் போடுங்கள். கலவைத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. கிணறு கரித்தால் பரிசோதிக்காமல் கலக்காதீர்கள்.

தீயும் விழும் கண்ணாடியும்

ஏ.சி.பி. ஷீட் 4 மி.மீ. கனம்: இரண்டு பக்கமும் மெல்லிய அலுமினியத் தகடு, நடுவில் கற்றாழைச் சோறு மாதிரி ஒரு நிரப்பு. அந்தச் சோறு பாலிஎத்திலீன் என்றால் அது எரிபொருள். லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017 ஜூன் 14 அன்று ஒரு சமையலறைத் தீ இத்தகைய உறை வழியாக வெளிப்புறமாகவே ஏறியது; 72 பேர் இறந்தார்கள். துபாயில் 2015 டிசம்பர் 31 இரவு அட்ரஸ் டவுன்டவுன் விடுதியில் எரிந்ததை நம் ஊர்க்காரர்கள் பலர் நேரிலேயே பார்த்திருப்பார்கள். கனிமம் கலந்த, தீயை எதிர்க்கும் சோறு உள்ள ஷீட் கிடைக்கிறது. கடைக்காரர் சொல்வதை நம்பாமல் சோதனை அறிக்கை கேளுங்கள். முகப்புக்கும் தள விளிம்புக்கும் நடுவே உள்ள இடுக்கில் மாடிதோறும் தீப்பற்றாத பஞ்சான ராக்வூலை இறுக்கமாக அடைக்க வேண்டும்; பால்ஸ் சீலிங் மூடிவிட்டால் அதை யாரும் பார்க்க முடியாது, ஆகவே மூடுவதற்கு முன் பாருங்கள். விளம்பரப் பலகையின் வயரிங் இந்த உறைக்குள் ஓடக்கூடாது.

கண்ணாடி விழுவதற்குப் பழைய உதாரணம் பாஸ்டனின் ஜான் ஹான்காக் கோபுரம். 1973இல் காற்றில் அதன் இரட்டைக் கண்ணாடிகள் விழத் தொடங்கின, ஓட்டைகளுக்குப் பிளைவுட் அடித்தார்கள். இரண்டு கண்ணாடிகளையும் சேர்த்த ஈயப் பற்று வளைந்துகொடுக்காமல் விறைப்பாக இருந்ததுதான் காரணம் என்று தெரிந்து, 10,344 கண்ணாடிகளையும் மாற்றினார்கள். இன்று நம்மிடம் டஃபன்ட் கண்ணாடி, அதாவது சூடாக்கிச் சட்டெனக் குளிரவைத்து வலுவேற்றிய கண்ணாடி, இருக்கிறது. சாதாரணக் கண்ணாடியைவிட நான்கு மடங்கு வலு; உடைந்தால் சின்னச் சின்னத் துண்டு. ஆனால் உள்ளே சிக்கிய நிக்கல் சல்பைடு துணுக்கால் சில சமயம் தானாகவே வெடிக்கும். வாங்கும்போது ஹீட் சோக் சோதனை (சூட்டில் வைத்து, வெடிக்கக்கூடியதை ஆலையிலேயே வெடிக்கவைப்பது) முடிந்ததா என்று கேளுங்கள். நடைபாதைக்கு மேலே வரும் இடத்தில் நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடிதான். உடைந்தாலும் படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

அப்படியானால் எது நல்ல முகப்பு?

எங்கள் கருத்து இது. முழுக் கண்ணாடிக் கோபுரம் குளிர் ஊரில் வெயிலை வரவேற்கப் பிறந்தது. இங்கே சுவரில் 30 முதல் 40 சதவீதம் சன்னல், மீதி கனச் சுவர், அதன் மேல் நிழல் என்பதே பொருந்தும். ஆற்றல் சேமிப்புக் கட்டட விதியும் கண்ணாடிக்கு 40 சதவீதம் என்றுதான் எல்லை வைக்கிறது. ராமேசுவரம் கோயிலின் வெளிப்பிராகாரத்தில் நண்பகலில் நின்றால் இது உடம்புக்கே புரியும்: வெயில் தூண் வரிசையோடு நின்றுவிடுகிறது. அதே ஆழத்தைப் பால்கனியாகவும் துளைச்சுவராகவும் பத்து மாடிக்கு அடுக்கலாம். உலோகம் குறையும், துருவும் குறையும். "பழைய பாணி" என்று சொல்வார்கள், சொல்லட்டும்.

கண்ணாடிதான் வேண்டும் என்பவர்கள் வேலை முடிந்து பணத்தைக் கொடுக்குமுன் ஒரு காரியம் செய்யலாம். ஹோஸ் பைப்பில் நல்ல அழுத்தத்தோடு, கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இணைப்புக்கும் ஐந்து நிமிடம் தண்ணீர் அடியுங்கள்; உள்ளே ஒருவர் டார்ச்சோடு நிற்கட்டும். மேலிருந்து தொடங்கினால் எந்த இணைப்பு ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. குறுக்குச் சட்டத்தின் அடியில் சின்னத் துளைகள் இருக்கும். உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேறும் வழி அது. பெயின்டர் ஒழுகும் என்று நினைத்து அவற்றைச் சிலிகானால் அடைத்திருப்பார்; திறந்துவிடச் சொல்லுங்கள்.

பிறகு கழுவுவது. மழை படும் பரப்பைவிட, மழை படாத சன்ஷேட் அடியிலும் போர்ட்டிகோ மேற்கூரையிலும் உப்பு அதிகம் தங்கும், அங்கேதான் முதலில் அரிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். ஆசிட் கூடாது, இரும்பு நார் கூடாது. போர்வெல் தண்ணீர் உப்பென்றால் டேங்கர் வரவழையுங்கள். மாடி ஏறிக் கழுவ ஆள் தொங்குவதற்கான கொக்கிகளை மொட்டைமாடிச் சுவரில் கட்டும்போதே பதித்துவிட வேண்டும், அவையும் 316ஆக இருக்கட்டும்.